அபுதாபி 2021: கடைசி ஐந்து சுற்றுக்கு நான்கு வழிகள்

2021 டிசம்பர் 12, அபுதாபியின் யாஸ் மரீனா தடம். 58 சுற்றுப் பந்தயத்தில் 53ஆவது சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது வில்லியம்ஸ் அணியின் நிக்கோலஸ் லத்தீஃபி 14ஆம் வளைவில் சுவரில் மோதி நின்றார். மிக் ஷூமாக்கரோடு அவர் போட்டுக்கொண்டிருந்த சண்டை, புள்ளி எதுவும் கிடைக்காத ஓர் இடத்துக்கு. ஆனால் ஃபார்முலா 1 ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்ளும் தகராறு அந்த மோதலில் ஆரம்பித்தது. சேஃப்டி கார் வந்தது (விபத்தை அப்புறப்படுத்தும்வரை எல்லாரையும் முந்தவிடாமல் தன் பின்னால் மெதுவாக வரிசையில் ஓடவைக்கும் கார் அது). மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் புது டயர் மாட்டிக்கொண்டு, கடைசிச் சுற்றில் லூயிஸ் ஹாமில்டனை முந்தி உலக சாம்பியன் ஆனார்.

பட்டம் யாருக்குத் தகும் என்று திரும்பத் திரும்பப் பேசுவதில் எனக்கு ருசி இல்லை. 21 பந்தயங்கள் ஓடி, கடைசிப் பந்தயத்துக்கு ஆளுக்கு 369.5 புள்ளியோடு சமமாக வந்தவர்கள் அவர்கள். (அந்த அரைப் புள்ளி பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் வந்தது. கொட்டும் மழையில் சேஃப்டி காரின் பின்னால் சும்மா ஊர்ந்துவிட்டு, அதற்குப் பாதிப் புள்ளி கொடுத்த அந்தக் கூத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) யார் ஜெயித்திருந்தாலும் குறை சொல்ல முடியாது. நான் பார்க்க விரும்புவது, அந்த ஐந்து சுற்றுக்குள் ரேஸ் டைரக்டர் (பந்தயத்தை நடத்தும் தலைமை அதிகாரி) மைக்கேல் மாசியின் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன, அவற்றில் எது தேவலை என்பதைத்தான்.

முதலில் தடத்தில் என்ன நிலைமை என்று பார்த்துவிடலாம். தொடக்கத்திலேயே முன்னிலை பிடித்த ஹாமில்டன், விபத்து நடந்தபோது சுமார் 11 வினாடி முன்னால் இருந்தார். ஆனால் அவருடைய ஹார்டு டயர்கள் (நெடுநேரம் உழைக்கும், ஆனால் வேகம் குறைந்த ரகம்) 14ஆவது சுற்றில் மாட்டியவை, கிழடுதட்டிவிட்டன. சேஃப்டி கார் வந்ததும் மெர்சிடிஸ் அணி சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டியிருந்தது: டயர் மாற்ற பிட்டுக்குள் (தடத்தோரப் பணிமனைக்குள்) கூப்பிடுவதா, வேண்டாமா?

முன்னால் போகிறவருக்கு இருக்கும் சங்கடம் இதுதான். ஹாமில்டன் உள்ளே வந்தால் ரெட் புல் வெர்ஸ்டாப்பனை வெளியிலேயே வைத்துவிடும், முன்னிலை கை மாறிவிடும். அப்புறம் பந்தயம் மறுபடி தொடங்காமலே முடிந்தால் பட்டம் போய்விடும். மீதி இருப்பதோ ஐந்து சுற்று. காரை அப்புறப்படுத்தவே மூன்று, நான்கு சுற்று ஆகும். ஒரு சுற்று பின்தங்கி, வரிசையின் நடுவே சிக்கிய கார்களை முன்னால் அனுப்ப வேண்டுமென்றால் இன்னும் ஒன்றோ இரண்டோ. விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக் கணக்குப் போட்டால் 'வெளியிலேயே இரு' என்பதுதான் விடை. ரெட் புல்லுக்கு இந்தக் குழப்பமே இல்லை. உள்ளே போய் சாஃப்ட் டயர் (சீக்கிரம் தேயும், ஆனால் வேகமான ரகம்) மாட்டி வந்தாலும் இரண்டாம் இடம் அப்படியே இருக்கும். இழக்க எதுவுமில்லை, அதனால் மாட்டினார்கள். இரண்டு அணிகளும் சரியாகத்தான் யோசித்தன.

வெர்ஸ்டாப்பன் வெளியே வந்தபோது அவருக்கும் ஹாமில்டனுக்கும் நடுவே ஐந்து கார்கள் இருந்தன: நோரிஸ், அலோன்சோ, ஓகான், லெக்லேர், வெட்டல். எல்லாரும் ஒரு சுற்று பின்தங்கியவர்கள். வெர்ஸ்டாப்பனுக்குப் பின்னாலும் ரிக்கார்டோ, ஸ்ட்ரோல், ஷூமாக்கர் என்று பின்தங்கியவர்கள் மூன்று பேர். மொத்தம் எட்டு. இந்த எட்டு என்ற எண்ணிக்கை முக்கியம்.

வழிகளை எதை வைத்து எடைபோடுவது? 'யார் ஜெயித்திருப்பார்' என்று பார்த்தால் அவரவர் ரசிகருக்கு அவரவர் விடை. 'எது விறுவிறுப்பு' என்று பார்த்தால் நடந்ததை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நான் வைக்கும் அளவுகோல் வேறு: பிட் சுவரில் (அணியின் தடத்தோர மேசையில்) உட்கார்ந்து டயர் முடிவு எடுத்தவர்கள், விதியைப் படித்திருந்தால் இதை முன்கூட்டியே கணித்திருக்க முடியுமா? கணிக்க முடிந்தால் முடிவு கசந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். 2019 ஜூலையில் லார்ட்ஸில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப்போட்டி நினைவிருக்கும். ஆட்டமும் சமன், சூப்பர் ஓவரும் சமன், கடைசியில் 26க்கு 17 என்று பவுண்டரியை எண்ணிக் கோப்பையை இங்கிலாந்திடம் கொடுத்தார்கள். படுமட்டமான விதி, பிறகு ஐ.சி.சி.யே தூக்கிவிட்டது. ஆனாலும் முதல் பந்து வீசுவதற்கு முன்பே எழுதி வைத்திருந்த விதி அது. நியூசிலாந்து வருத்தத்தோடு கைகுலுக்கிவிட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, முதல் வழி: எட்டு கார்களையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தடம் சுத்தமானதும் சேஃப்டி காரை உள்ளே அழைப்பது. மாசி முதலில் எடுத்த முடிவே இதுதான். பின்தங்கிய கார்கள் முந்த அனுமதி இல்லை என்று 56ஆவது சுற்றில் அணிகளுக்கு அதிகாரப்பூர்வமாகச் செய்தி போனது. விதியில் இதற்குத் தடை இல்லை. பாதுகாப்பானது என்று கருதினால் அனுமதிக்கலாம் என்றுதான் இருந்தது, அனுமதித்தே தீர வேண்டும் என்று இல்லை. இந்த வழியில் ஒரு சுற்றுப் பந்தயம் நடந்திருக்கும். ஆனால் வெர்ஸ்டாப்பன் ஐந்து கார்களைத் தாண்டித்தான் ஹாமில்டனை நெருங்க வேண்டும். நீலக்கொடி காட்டினால் அவர்கள் ஒதுங்குவார்கள்தான், ஆனாலும் மறுதொடக்க நெரிசலில் அதற்குள் சில வினாடிகள் போயிருக்கும். புது டயராகவே இருந்தாலும் ஒரே சுற்றில் அதை ஈடுகட்டுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இது பந்தயமா, பந்தயம் மாதிரி ஒன்றா என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வி நியாயம்தான்.

இரண்டாவது வழி: எட்டு கார்களையும் முன்னால் அனுப்புவது. அப்போதிருந்த 48.12 விதிப்படி, கடைசியாகப் பின்தங்கிய கார் முன்னிலைக் காரைத் தாண்டிய பிறகு, அடுத்த சுற்றின் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே போக வேண்டும். 57ஆவது சுற்றில் அனுப்பினால் அந்த 'அடுத்த சுற்று' 58. அதாவது பந்தயமே முடிந்துவிடும். ஹாமில்டன் சேஃப்டி காரின் பின்னால் ஊர்ந்தபடி எட்டாவது முறை சாம்பியன் ஆகியிருப்பார். 55ஆவது சுற்றிலேயே அனுப்பியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 14ஆம் வளைவில் அப்போது மார்ஷல்கள் (தடத்துப் பணியாளர்கள்) வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆட்கள் தடத்தின் ஓரம் நிற்கும்போது எட்டுக் கார்களை வேகமெடுத்து ஓடவிடுவதை எந்தப் பொறுப்பான அதிகாரியும் செய்யமாட்டார்.

இந்த வழிக்கு எதிராகச் சொல்வது ஒன்றே ஒன்று: உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பட்டப் போட்டி இப்படியா உப்புச்சப்பில்லாமல் முடிவது? ஆனால் முடிந்திருக்கிறதே! 2012இல் பிரேசிலின் இன்டர்லாகோஸில் சீசனின் கடைசிப் பந்தயம், வெட்டலுக்கும் அலோன்சோவுக்கும் நடுவே பட்டப் போட்டி. முடிவுக்குச் சற்று முன்னால் பால் டி ரெஸ்டா மோதினார், பந்தயம் சேஃப்டி காரின் பின்னாலேயே முடிந்தது, வெட்டல் மூன்று புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார். அந்தப் பந்தயத்தை இன்றும் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். முடிவு எப்படி வந்தது என்பதைப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. கார்கள் ஓடிய பந்தயமே நினைவில் நிற்கிறது.

மூன்றாவது வழிக்குத்தான் நடுநிலையாளர்களிடம் அதிக ஆதரவு: விபத்து நடந்ததுமே சிவப்புக் கொடி. பந்தயத்தை நிறுத்தி, எல்லாரையும் பிட்டுக்குள் கொண்டுவந்து, தடத்தைச் சுத்தம் செய்து, இரண்டு மூன்று சுற்றுக்கு நின்ற நிலையிலிருந்து மறுபடி தொடங்குவது. சிவப்புக் கொடியின்போது டயர் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இருவரும் புது சாஃப்ட் டயரோடு முன் வரிசையில் நின்றிருப்பார்கள். கேட்கவே அழகாக இருக்கிறது. அந்த ஆண்டே முன்னுதாரணமும் இருந்தது. ஜூன் மாதம் பாக்குவில், முன்னிலையில் போய்க்கொண்டிருந்த வெர்ஸ்டாப்பனின் டயர் வெடித்தது, சிவப்புக் கொடி காட்டினார்கள், இரண்டு சுற்றுக்கு மறுதொடக்கம் நடந்தது. (ஹாமில்டன் அதில் பிரேக் விஷயத்தில் சொதப்பி நேராக ஓடுபாதைக்கு வெளியே போனது தனிக்கதை. அன்று அவர் புள்ளி எடுத்திருந்தால் அபுதாபிக்கு இருவரும் சமமாக வந்திருக்கமாட்டார்கள்.)

எனக்கு இந்த வழியில் இரண்டு தயக்கம். பாக்குவில் நடந்தது அதிவேக நேர்பாதையில் டயர் வெடித்த விபத்து. லத்தீஃபியின் விபத்து சாதாரண சேஃப்டி கார் விபத்து. அதற்குச் சிவப்புக் கொடி என்றால், காட்சிக்காகப் பந்தயத்தை நிறுத்தினார்கள் என்ற பேச்சு வந்திருக்கும். பிட் சுவரில் இருந்தவர்கள் அதைக் கணித்திருக்கவும் முடியாது. என் அளவுகோலில் அது அடிபடுகிறது.

இரண்டாவது தயக்கம் பெரியது. வெர்ஸ்டாப்பன் 9 பந்தயங்களில் ஜெயித்தவர், ஹாமில்டன் 8. இருவரும் மோதி வெளியேறினால் புள்ளி சமம், பட்டம் வெர்ஸ்டாப்பனுக்கு. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் ஜித்தாவில் இரண்டு முறை சிவப்புக் கொடி, முட்டல் மோதல், நடுவழியில் பிரேக் போட்டு ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டது எல்லாம் நடந்திருந்தது. அப்படிப்பட்ட இருவரை அருகருகே நிறுத்தி, விளக்கணைந்ததும் முதல் வளைவுக்கு விடுவது என்பது, மோதினாலும் நஷ்டமில்லாத ஒருவர் கையில் ஆட்டத்தைக் கொடுப்பது. வெர்ஸ்டாப்பன் வேண்டுமென்றே இடித்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இடைவெளி தெரிந்தால் மூக்கை நுழைத்திருப்பார், ஹாமில்டன் விட்டுக்கொடுத்திருக்கவும் மாட்டார்.

இந்த வழி எப்படிச் சிக்கலாகும் என்பதை 2023 ஏப்ரலில் மெல்போர்ன் காட்டியது. அதுவும் 58 சுற்றுப் பந்தயம். முடிவுக்குச் சற்று முன்பு மேக்னுசன் சுவரில் உரசி டயர் பிய்ந்தது, சிவப்புக் கொடி, இரண்டு சுற்றுக்கு மறுதொடக்கம். முதல் சில வளைவுகளிலேயே அல்பீன் அணியின் இரண்டு கார்களும் ஒன்றோடொன்று மோதி வெளியேறின. சைன்ஸ் அலோன்சோவை இடித்துத் திருப்பிவிட்டார். மறுபடி சிவப்புக் கொடி, பழைய வரிசைப்படியே கார்களை நிறுத்தி, கடைசிச் சுற்றைச் சேஃப்டி காரின் பின்னால் ஓட்டி முடித்தார்கள். நான்காவதாக வந்த சைன்ஸ் ஐந்து வினாடித் தண்டனையில் பன்னிரண்டாம் இடத்துக்குப் போனார். இவ்வளவு பாடுபட்டும் பந்தயம் முடிந்தது சேஃப்டி காரின் பின்னால்தான்.

இனி நான்காவது வழி, மாசி உண்மையில் செய்தது. முந்த அனுமதி இல்லை என்று செய்தி போன பிறகு ரெட் புல்லின் கிறிஸ்டியன் ஹார்னர் ரேடியோவில் வந்தார். நடுவே நிற்கும் கார்களை ஏன் ஒதுக்கவில்லை, எங்களுக்கு ஒரே ஒரு பந்தயச் சுற்று போதும் என்றார். 57ஆவது சுற்றில் முடிவு மாறியது. எட்டு பேரில் ஐந்து பேர் மட்டும், அதாவது இருவருக்கும் நடுவே நின்ற அந்த ஐந்து பேர் மட்டும், முந்திப் போகலாம் என்று கார் எண்ணைக் குறிப்பிட்டுச் செய்தி வந்தது. கையோடு சேஃப்டி கார் இந்தச் சுற்றிலேயே உள்ளே போகும் என்றும் அறிவிப்பு. அடுத்த சுற்று வரை காத்திருப்பது என்ற பேச்சே இல்லை. வெர்ஸ்டாப்பன் 5ஆம் வளைவில் முந்தினார், 2.256 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். மெர்சிடிஸின் டோட்டோ வோல்ஃப் ரேடியோவில் கத்தியதும், இதற்குப் பெயர் மோட்டார் பந்தயம் என்று மாசி பதில் சொன்னதும் உலகமே கேட்டது.

ஆதரவாகச் சொல்ல இதில் எதுவுமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. முடிந்தவரை பச்சைக் கொடியின் கீழ், அதாவது கார்கள் முழு வேகத்தில் ஓடும்போது, பந்தயம் முடிய வேண்டும் என்று அணிகளே முன்பு ஒத்துக்கொண்டிருந்தன, மாசியும் ஸ்டீவர்டுகளிடம் (பந்தய நடுவர்களிடம்) இதையே சொன்னார். சேஃப்டி காரைப் பயன்படுத்துவதில் ரேஸ் டைரக்டருக்கு மேலதிகாரம் தரும் 15.3 விதியும் இருந்தது. சேஃப்டி கார் உள்ளே போகிறது என்ற அறிவிப்பு வந்துவிட்டால், 48.13 விதிப்படி அது போயே ஆக வேண்டும், அது 48.12ஐ மீறி நிற்கும் என்று ஸ்டீவர்டுகள் தீர்ப்பெழுதி மெர்சிடிஸின் புகாரைத் தள்ளினார்கள். கடைசிச் சுற்றை நீக்கி 57ஆவது சுற்றின் வரிசையை முடிவாக எடுக்கச் சொன்ன கோரிக்கையையும், நடந்த பந்தயத்தைப் பின்னாளில் சுருக்குவது பொருந்தாது என்று மறுத்தார்கள். அந்தக் கடைசிப் பகுதி எனக்கு ஏற்புடையது. டிசம்பர் 16 அன்று மெர்சிடிஸ் மேல்முறையீட்டைக் கைவிட்டது.

ஆனால் என் அளவுகோலில் இந்த வழி தேறவே தேறாது. விதியைக் கரைத்துக் குடித்தவர்கூட, எட்டில் ஐந்து பேருக்கு மட்டும் அனுமதி வரும் என்று 53ஆவது சுற்றில் கணித்திருக்க முடியாது. 2020 அக்டோபரில் நியூர்பர்க்ரிங்கில் சேஃப்டி கார் ஏன் அவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்டபோது, பின்தங்கிய கார்கள் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது என்று விளக்கம் சொன்னவரும் இதே மாசிதான். மெர்சிடிஸ் அவர் பேச்சை நம்பித்தான் கணக்குப் போட்டது என்றுகூடச் சொல்லலாம்.

பலரும் கண்டுகொள்ளாத இன்னொருவர் இருக்கிறார்: மூன்றாம் இடத்தில் இருந்த கார்லோஸ் சைன்ஸ். அவருக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவே ரிக்கார்டோவும் ஸ்ட்ரோலும் அப்படியே நின்றார்கள். அவருக்கு முன்னால் பாதையைத் திறக்க யாரும் நினைக்கவில்லை. முதல் வழியில் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தடை இருந்திருக்கும். இரண்டாவதில் எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுமதி. நான்காவது வழியில்தான், தடத்தில் பந்தயம் ஓடுவது இரண்டே பேர் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆக, என் தேர்வு முதல் வழி. சிவப்புக் கொடிக்கான நேரம் தாண்டிவிட்ட 56ஆவது சுற்றில், விதிக்குள் நின்றபடியே ஒரு பந்தயச் சுற்றையும் தரக்கூடிய வழி அது ஒன்றுதான். மாசி அதைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் எரிச்சல். முடிவை அவர் மாற்றாமல் விட்டிருந்தால் ரெட் புல் ஒரு மாதம் கத்தியிருக்கும், அதோடு போயிருக்கும். மெர்சிடிஸின் முடிவு தப்பா என்று கேட்டால், இரண்டாவது வழியிலும் சரி, முதல் வழியிலும் சரி, அது சரியான முடிவு.

மாசி மேல் மட்டும் பழியைப் போடுவதும் சரியில்லை. அந்த ஆண்டு அணித் தலைவர்கள் ரேஸ் டைரக்டரிடம் நேரடியாகப் பேசலாம், அதைத் தொலைக்காட்சியும் ஒலிபரப்பியது. விளைவு, சந்தைக்கடை பேரம். ஜித்தாவில் வெர்ஸ்டாப்பன் எந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவது என்பதை மாசியே ரெட் புல்லிடம் பேரமாக முன்வைத்தார். அபுதாபியில் சேஃப்டி கார் வேண்டாம் என்று வோல்ஃப் அதே பந்தயத்தில் முன்னதாகக் கேட்டிருந்தார். இரண்டு காதிலும் இரண்டு பேர் கத்த, விபத்தை அப்புறப்படுத்திக்கொண்டே விதியையும் புரட்ட வேண்டிய நிலை. 2022 மார்ச்சில் வந்த எஃப்.ஐ.ஏ. (ஃபார்முலா 1க்கு விதி வகுக்கும் உலக அமைப்பு) அறிக்கை, மாசி நல்லெண்ணத்தோடுதான் செயல்பட்டார், பின்தங்கிய கார்களை அனுப்பியதில் மனிதப் பிழை நடந்தது, ஆனாலும் முடிவு செல்லும் என்றது. அதற்குள் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். ரேடியோ பேரத்துக்கும் தடை வந்தது. அனுமதி கொடுத்தால் பின்தங்கிய கார்கள் எல்லாவற்றுக்கும்தான் என்று விதியையும் திருத்தினார்கள்.

திருத்திய விதிக்கு அதே ஆண்டு செப்டம்பரில் மொன்ஸாவில் சோதனை வந்தது. 53 சுற்றில் 47ஆவதில் ரிக்கார்டோவின் கார் நின்றுபோனது, அதை அகற்ற நேரமாகி, பந்தயம் சேஃப்டி காரின் பின்னாலேயே முடிந்தது. வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார், ஃபெராரி ரசிகர்கள் கூவினார்கள். கோபம் இருந்தது, ஆனால் புகார் கொடுக்க யாருக்கும் எதுவும் இல்லை.

அமெரிக்காவில் இதை வேறு மாதிரிக் கையாளுகிறார்கள். நாஸ்காரில் கடைசி நேரத்தில் மஞ்சள் கொடி (விபத்து எச்சரிக்கை) வந்தால் பந்தயத்தையே நீட்டி, பச்சைக் கொடியில் முடிக்க முயல்வார்கள். எரிபொருளை அளந்து ஊற்றிக்கொண்டு ஓடும் ஃபார்முலா 1இல் அது லேசில் நடக்காது. இன்டிகாரில் சிவப்புக் கொடிதான் வழக்கம். 2023 இன்டியானபொலிஸ் 500இல், பிட்டிலிருந்து வெளியே வந்த உடனேயே பச்சைக் கொடி காட்டி ஒரே ஒரு சுற்று ஓட்டினார்கள். முன்னிலையில் இருந்த மார்க்கஸ் எரிக்சனை ஜோசப் நியூகார்டன் முந்தினார். அநியாயம் என்று எரிக்சன் குமுறினார்.

என்னைக் கேட்டால், இதைவிடச் சின்னத் திருத்தம் ஒன்று போதும். கடைசி ஐந்து சுற்றுக்குள் சேஃப்டி கார் வந்தால், பின்தங்கியவர்கள் முன்னால் ஓடி முழுச் சுற்று சுற்றி வர வேண்டாம். நேர்பாதையில் ஓரமாக ஒதுங்கி வேகத்தைக் குறைத்து, மற்றவர்களை முன்னால் விட்டு வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்ளட்டும். அவர்களுக்கு ஒரு சுற்று திரும்பக் கிடைக்காது, அதை யாரும் பெரிதாக இழப்பாக நினைக்கப் போவதுமில்லை. சைன்ஸுக்கும் வழி திறந்திருக்கும். டயர் மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும் அணிக்கு, கடைசியில் தன் பின்னால் யார் நிற்பார் என்பது அந்தச் சில நொடிகளிலேயே தெரிந்திருக்கும். அப்படி ஒரு விதி 2021இல் இருந்திருந்தால், ஹாமில்டனை அன்று மெர்சிடிஸ் உள்ளே கூப்பிட்டிருக்கவும் கூடும்.